எல்லோரும் ஜெயராணி

கம்ப்யூட்டருக்குள் யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுக் கொடுப்பது என் தொழில். போட்ட பூட்டின் சாவியை மறுநாளே வாசல் ஆணியில் தொங்கவிடுவது என் வாடிக்கையாளர்களின் தொழில்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஓர் ஆபீசுக்கு டேட்டாபேஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தாலே பாதிச் சோற்றில் எழுந்தவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கிறவர்கள்.

தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பல வருஷம் பாடம் எடுத்தேன். சென்டரை மூடிவிட்டார்கள். அதன் பிறகு சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு டேட்டாபேஸ் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். உப்புக் கம்பெனி, ஐஸ் பேக்டரி, கருவாடு ஏற்றுமதி என்று ஒன்றையும் விடவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு நான் இன்னும் டீச்சர்தான். ஒரே ஓர் ஆபீசில் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்ற ஆபீஸ்களில் பட்டதும் ஏறக்குறைய இதுதான்.

எல்லாருக்கும் எல்லா பட்டனும்

கஸ்பார் அண்ணாச்சிக்கு இரண்டு தோணிகள். மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், செங்கல் எல்லாம் ஏற்றிப் போகும். கடற்கரைப் பக்கம் அவருக்கு ஓர் ஆபீஸ், அதில் மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர். கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில் அண்ணாச்சி. வெளியே ஒரு மேஜையில் மேனேஜர் தங்கதுரை. சாத்தான்குளத்துக்காரர், எதைச் சொன்னாலும் நிறுத்தி நிதானமாகத்தான் சொல்வார். வாசல் பக்கம் ஜெயராணி. ஏற்றுகிற சரக்கு, தோணியில் போகிற ஆட்கள், வந்த லாரி, போன லாரி எல்லாவற்றையும் டைப் அடிக்கிறவள் அவள்தான். அவளுக்கு இருக்கும் ஃபேன் ஒரு பக்கமாக மட்டும் திரும்பும், அதுவும் மேனேஜர் பக்கம்.

நான் வழக்கம்போல மூன்று படி போட்டுக் கொண்டுபோனேன். முதலாளி எதையும் செய்யலாம். மேனேஜர் திருத்தலாம். ஜெயராணி புதிதாகப் பதியலாம், ஆனால் பழையதை அழிக்க முடியாது. இதை விளக்கியபோது அண்ணாச்சி முகம் சுருங்கியது. ஆபீசில் உயர்வு தாழ்வு கூடாது என்பது அவர் கொள்கை என்று அன்றுதான் தெரிந்தது. நான் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வழியாக அந்த ஃபேனைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்த தாளை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "எங்க ஆபீஸ்ல பெரியவன் சின்னவன்னு கிடையாது டீச்சர். எல்லாருக்கும் எல்லா பட்டனையும் வச்சிருங்க."

சங்கு

முதல் மாதமே மேனேஜரிடமிருந்து போன். "டீச்சர், உங்க சாஃப்ட்வேர் என் கம்ப்யூட்டர்ல மட்டும் துணியில்லாம நிக்குது." ஓடிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான் அழகாகச் செய்து வைத்த முகப்பு இல்லை, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற பெட்டி இல்லை. உள்ளே மறைத்து வைத்திருந்த பட்டியல்கள் எல்லாம் வெளியே கிடந்தன.

எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. டேட்டாபேஸைத் திறந்த உடனே முகப்பைக் காட்டு, கதவைச் சாத்து, பெயரைக் கேள் என்று வரிசையாக வேலை செய்கிற குறிப்பை மேக்ரோ என்போம். ஷிஃப்ட் சாவியை அமுக்கிக்கொண்டே திறந்தால் அந்த மேக்ரோ ஓடாது. செய்கிறவர்களின் வசதிக்காக இருக்கிற கொல்லைப்புற வழி அது. அதை அடைக்க நான் மறந்துவிட்டேன். ஆனால் இந்த ரகசியம் தங்கதுரைக்கு எப்படித் தெரியும் என்று குழம்பினால், கீபோர்டின் ஓரத்தில் ஒரு பெரிய சங்கு உட்கார்ந்திருந்தது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க, பில்லையெல்லாம் கீபோர்டு மேல் அடுக்கி அதன் மேல் சங்கை வைப்பது அவர் வழக்கம். சங்கின் மூக்கு நேராக ஷிஃப்ட் மேல். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைக்கிற ஜெயராணி, மேனேஜர் வைத்த பொருளைத் தொட்டால் திட்டு விழும் என்று சங்கைத் தொடாமல் மவுசாலேயே திறந்திருக்கிறாள்.

அன்றே வழியை அடைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னதுதான் தப்பு. தங்கதுரை சங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோட்டை கட்டுனீங்க, சரி. அதைத் திறக்க ஒரு சங்கு போதும்னு சொல்லலையே டீச்சர்."

போயிட்டு வாரேன்

ஒருவர் வேலையை முடித்து எழும்போது தன் பெயரிலிருந்து வெளியே வரவேண்டும். இல்லையென்றால் அடுத்து உட்காருகிறவர் செய்வதெல்லாம் முதல் ஆளின் கணக்கில் ஏறும். அதற்காகச் சிவப்பில் ஒரு பட்டன் வைத்து, அதன் மேல் "வெளியேறு" என்று தமிழில் எழுதியிருந்தேன். தமிழில் செய்ததற்குப் பாராட்டு வரும் என்று பார்த்தால் அண்ணாச்சி கொதித்துவிட்டார். கடலுக்குத் தோணி அனுப்புகிற இடத்தில், யாரும் "போறேன்" என்றுகூடச் சொல்லாத இடத்தில், ஒரு பெட்டி ஆளைப் பார்த்து வெளியேறு என்கிறதா என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பட்டனைப் பச்சையாக்கி "போயிட்டு வாரேன்" என்று மாற்றினேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது. ஒருவரும் அழுத்தவில்லை. அதை அவர்கள் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொண்டார்கள், கம்ப்யூட்டரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

உள்ளே வருவதிலும் இதே கதைதான். ஜெயராணி வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆபீசைத் திறப்பாள். மாதா படத்துக்கு விளக்கேற்றுவாள். பிறகு மூன்று கம்ப்யூட்டரையும் ஆன் செய்து, மூன்றிலும் தன் பெயரையும் தன் பாஸ்வேர்டையும் போட்டுத் திறந்து வைத்துவிடுவாள். மேனேஜருக்கும் அண்ணாச்சிக்கும் தங்கள் பாஸ்வேர்டு ஞாபகம் இருந்ததே இல்லை. மறந்ததற்கும் அவளைத்தான் திட்டினார்கள். திட்டு வாங்குவதைவிட இது சுலபம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். தான் வராத நாளில் அவர்களே போட்டுக்கொள்ள, தன் பாஸ்வேர்டைச் சொல்லியும் வைத்திருந்தாள். ஆளுக்கொரு பெயர் எதற்கு என்று நான் தங்கதுரைக்கு ஒரு முழு மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் வந்து உட்காரும்போது கம்ப்யூட்டர் ரெடியா இருக்கணும் டீச்சர். அது எந்தப் பேருல ரெடியா இருந்தா என்ன?"

மஞ்சள் பட்டை

அண்ணாச்சி அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் டேட்டாபேஸைத் திறந்ததும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. இதில் மேக்ரோ இருக்கிறது, ஆபத்தாக இருக்கலாம், நம்பிக்கையான ஆளிடமிருந்து வந்ததென்றால் மட்டும் அனுமதி கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எந்தப் புது கம்ப்யூட்டரிலும் வருவதுதான். ஒரு தடவை அமுக்கினால் போய்விடும்.

அண்ணாச்சி அமுக்கவில்லை. என்னை வரச் சொல்லி, எதிரே உட்காரவைத்து, காபி வரவழைத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். சாவு வீட்டுச் செய்தி சொல்கிறவர் மாதிரி இருந்தது முகம். இது எல்லாருக்கும் வரும் பொதுவான எச்சரிக்கை, என்னைத் தெரிந்து வருவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். உங்களுக்கு என்னைத் தெரியுமே, நீங்கள்தானே அனுமதி கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உங்களை நம்புதேன் டீச்சர். ஆனா உள்ள இருக்கிறதைப் பார்த்தவன் அவன்லா. அவனே சந்தேகப்படுதான்."

கேள்வி கேட்கிற பெட்டி

ஒரு பெயரை அழிக்கப் போனால், அழிப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும்படி செய்திருந்தேன்: இன்னார், தகப்பனார் பெயர் இன்னது, இவரை நிச்சயமாக அழிக்கவா? கடற்கரையில் இது அவசியம். ஒரே தோணியில் இரண்டு அந்தோணி, மூன்று சவேரியார் இருப்பார்கள். தகப்பன் பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது.

அண்ணாச்சிக்கு அந்தப் பெட்டி முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. எடுத்துவிடச் சொன்னார். நான் மறுத்தேன். மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை, வருஷ ஒப்பந்தத் தாள் அவர் மேஜை மேல் கையெழுத்தாகாமல் கிடந்தபோது சொன்னார். எடுத்துவிட்டேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. உங்களில் எத்தனை பேர் அந்தப் பெட்டியை எடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "தோணி ஓட்டுற தண்டலே என்னைத் திருப்பிக் கேட்க மாட்டான். இது கேட்குது, நிச்சயமாவான்னு."

ஓர் அந்தோணி குறைகிறார்

தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றி நின்ற தோணி ஒரு நாள் புறப்படவில்லை. அச்சடித்துக் கொண்டுபோன ஆட்கள் பட்டியலில் ஒரு பெயர் இல்லை. அந்தோணி, தகப்பனார் சூசை. பல வருஷமாக அதே தோணியில் போகிறவர். பட்டியலில் இல்லாத ஆள் ஏற முடியாது. அவர் துணிப் பையோடு துறைமுக வாசலில் நின்றார். புதுப் பட்டியல் தயார் செய்து, கையெழுத்து வாங்கி, தோணி கிளம்பும்போது மறுநாள் மத்தியானம். தக்காளி தண்ணீர் விட ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சி என்னை வரச் சொன்னார். அழித்தது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு இந்த மாதிரி சமயத்தில் ஒரு திமிர் வரும். யார், எப்போது, எந்த கம்ப்யூட்டரில் எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு நோட்டில் தானாகப் பதிகிற மாதிரி யாருக்கும் சொல்லாமல் செய்து வைத்திருந்தேன். அதை லாக் என்போம். என் கெட்டிக்காரத்தனம் வெளிச்சத்துக்கு வருகிற நாள் இது என்று நினைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் ஜெயராணியின் கம்ப்யூட்டரில் திறந்தேன். அழித்த வரியைக் கண்டுபிடித்தேன். பெயரைச் சத்தமாக வாசித்தேன். ஜெயராணி.

வாசித்த பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் அண்ணாச்சி, "நாளையிலேருந்து நீ வர வேண்டாம் ஏளா" என்று சொல்லி முடித்துவிட்டார். புருஷனுக்குக் காலில் அடிபட்டு ஆறு மாதமாக வேலையில்லை, வீட்டில் சம்பளம் வருவது இவளுக்கு மட்டும்தான். எல்லாருக்கும் எல்லா பட்டனும் கொடுத்த ஆபீசில், தப்பு மட்டும் ஒருத்தி பெயரில் நின்றது. நிற்கவைத்தது நான். ஜெயராணி அழவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அந்த லிஸ்டைத் தொடவே இல்ல டீச்சர். தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லியிருப்பேம்லா."

கல்யாண நாள்

அரை மணி நேரம் கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வேலையை விட்டு அனுப்புவது அரை மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று அவரும் விட்டார். லாக்கை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அந்த ஆபீசில் ஜெயராணி ஒருத்திதான் வேலை பார்த்திருந்தாள். தங்கதுரை என்று ஒரு வரிகூட இல்லை. முதலாளி என்று இருந்தது ஒரே ஒரு வரி, அது டேட்டாபேஸ் திறப்பு விழா அன்று போட்டோவுக்காக அழுத்தியது. ஒரே நிமிஷத்தில் மூன்று கம்ப்யூட்டரிலும் ஜெயராணி டைப் அடித்திருந்தாள்.

தேடினது தை மாதத்தில் கிடைத்தது. சத்தமாக வாசித்தேன். காலை பத்தரை மணிக்கு ஜெயராணி நாலு லாரி வெங்காயம் பதிந்திருக்கிறாள். பதினொன்றுக்கு ஒரு லாரியைத் திருத்தியிருக்கிறாள். "அண்ணாச்சி, இந்தத் தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. அன்றைக்கு அவளுக்கு வேம்பார் கோயிலில் கல்யாணம். அந்த நேரத்துக்கு அவள் மாலையும் கழுத்துமாகப் பீடத்துக்கு முன்னால் நின்றாள். பட்டு ஜிப்பா போட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அண்ணாச்சி. லோடு வருகிறது என்று ஆபீசிலேயே தங்கிவிட்டவர் தங்கதுரை. அவர் இப்போது ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளின் பெயரை நம்ப முடியாது. கம்ப்யூட்டரின் பெயரை நம்பலாம், அதை யாரும் மாற்றிப் போடவில்லை. மூன்றுக்கும் நான்தான் பெயர் வைத்தேன்: வாசல், மேனேஜர், முதலாளி. அந்தோணியை அழித்த வரிக்கு வந்தேன். இந்தத் தடவை வாசிக்கவில்லை. ஸ்கிரீனை அண்ணாச்சி பக்கம் திருப்பிவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விசைப்படகுக்கு மாறிப்போன இன்னொரு அந்தோணியைத் தானே எடுக்கப் போனது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எந்த அந்தோணி என்று கேட்கத்தான் அங்கே ஒரு பெட்டியும் இல்லையே. ஸ்கிரீனைத் தானே என் பக்கம் திருப்பிவைத்தார். பிறகு ஜெயராணியிடம், "பையைக் கீழ வை ஏளா, போய் வேலையைப் பாரு" என்றார். மன்னிப்பு என்பது அந்த ஆபீசில் அவ்வளவுதான். எழுந்து தன் அறைக்குப் போனவர், கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எத்தனையோ மாதமாக நான் சொல்லியும் வேண்டாம் என்ற பூட்டைத் தானாகவே கேட்டார்: "டீச்சர், மொதல்ல அந்த லாக்குக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்க."

சொந்தப் பெயர்

போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒரே வாரத்தில் அதை மறந்தார். இப்போது அது பத்திரமாக ஜெயராணியிடம் இருக்கிறது.

ஆனால் மற்றதையெல்லாம் நான் நினைத்தபடி செய்தேன், யாரையும் கேட்கவில்லை. கேள்விப் பெட்டி திரும்ப வந்தது. பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் டேட்டாபேஸ் தானாகவே "போயிட்டு வாரேன்" சொல்லி மூடிக்கொள்ளும். ஒரு பெயர் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் திறக்கும். தங்கதுரை மூன்று நாள் முனகினார், நாலாம் நாள் தன் பெயரைத் தானே டைப் அடித்தார்.

ஜெயராணியைப் புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பழைய பாஸ்வேர்டு அந்த ஆபீசுக்கே தெரிந்தது. இது அவளுக்கு மட்டும். முடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று திரும்பினேன். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "டீச்சர், இனிமே நான் லீவு போட்டா, நான் லீவுதானே?"

என்ன தொழில் செய்கிறீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், அவரவர் செய்த தப்பை அவரவர் பெயரிலேயே எழுதிவைக்கிற தொழில் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதனாலோ என்னவோ புது வாடிக்கையாளர்கள் அதிகம் வருவதில்லை.